டிவி நியூஸ்ல உங்க கண்ணு முன்னாடி நடந்தது: நேரடி அனுபவம் மட்டும் எழுதுங்க

நெல்லைப்பக்கம்

எந்த சானல் எந்தக் கட்சின்னு இங்க யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு நடந்ததைச் சொல்றேன், உங்களுக்கு நடந்ததைப் போடுங்க.

எங்க ஊர்ல தண்ணிக்காகக் காலிக்குடத்தோட மறியல். தாமிரபரணி கூப்பிடு தூரத்துல ஓடுது, குழாயில வாரம் ஒருக்கா வந்தா பெரிசு. முன்வரிசையில எங்க பெரியம்மா. மைக்கெல்லாம் கொத்தா ஒண்ணாச் சேர்த்து அவங்க முகத்துக்கு நேரா நீட்டுறாங்க. பெரியம்மா சொன்னது இவ்வளவுதான்: "அவுக இருந்தப்பவும் தண்ணி வரல, இவுக வந்தும் வரல, நாங்க யார்கிட்டதான் போய்ச் சொல்ல?" ஒரே மூச்சுல சொன்னது. நான் பக்கத்துலயே நிக்கேன்.

ராத்திரி ஒரு சானல்ல பெரியம்மா வந்தாங்க. "அவுக இருந்தப்பவும் தண்ணி வரல." அத்தோட வெட்டு. அடுத்த காட்சியில அமைச்சர் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டுறார். ரிமோட்டை அமுக்கினா இன்னொரு சானல்ல அதே பெரியம்மா, தோளுக்குப் பின்னாடி அதே பச்சைக் குடம். "இவுக வந்தும் வரல, நாங்க யார்கிட்டதான் போய்ச் சொல்ல?" கீழே சிவப்புப் பட்டையில "மக்கள் கொந்தளிப்பு".

அவங்க சொல்லாத ஒரு சொல்லை ரெண்டு பேருமே சேர்க்கல. அதுதான் எனக்கு இன்னும் ஆறமாட்டேங்குது. பொய் சொன்னாங்கன்னு யார்கிட்டயும் போய் நிக்க முடியாது. மறுநாள் காலையில ரெண்டு கட்சிக்காரங்களும் தனித்தனியா வாசலுக்கு வந்து "என்னம்மா இப்படிப் பேசிட்டீங்க"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. அதுல இருந்து பெரியம்மா எந்த மறியலுக்கும் வர்றதில்லை.

மதுரை கேபிள்காரர்

தம்பி எழுதினது சத்தியமான வார்த்தை. நான் தொண்ணூறுகள்ல இருந்து லைன் இழுக்கிறவன். செய்தியை வீட்டுக்குள்ள கொண்டுபோய் விடுறவன் நான், அதனால திட்டும் எனக்குத்தான் முதல்ல வரும்.

2001 ஜூன் 30 சனிக்கிழமை, கலைஞர் கைது. கன்ட்ரோல் ரூம்ல ரெண்டு சின்ன மானிட்டர் பக்கத்துப் பக்கத்துல. ஒண்ணுல சன், ஒண்ணுல ஜெயா. சன்ல அவரைப் பிடிச்சு இழுக்கிறதும் அந்த அலறலும் திரும்பத் திரும்ப ஓடுது. அப்புறம் ஜெயாவுல வேற டேப் வந்துச்சு. அதே வீடு, அதே ராத்திரி, ஆனா அதுல போலீஸைப் பிடிச்சுத் தள்ளுறது மட்டும்தான் இருக்கு. இதுல இருக்கிறது அதுல இல்ல, அதுல இருக்கிறது இதுல இல்ல. எனக்கு வந்த போன் எல்லாம் ஒரே ரகம்: "அந்தச் சானலைத் தூக்குப்பா, பொய்யாப் போடுறான்." ரெண்டு தரப்புல இருந்தும் இதே வார்த்தை. ரெண்டையும் சேர்த்துப் பாருங்கன்னு சொன்னா கேட்க ஒரு ஆள் இல்ல.

ஆனா எனக்கு உறுத்துறது அது கூட இல்ல, 2007 மே 9. கலைஞருக்கு அப்புறம் யாருன்னு தினகரன் பேப்பர்ல கருத்துக்கணிப்பு போட்டாங்க. சன் டிவி வச்சிருக்கிற மாறன் குடும்பத்தோட பேப்பர்தான் அது. எங்க ஊர்ல இருந்த அவங்க ஆபீஸுக்கு வந்து அடிச்சுத் தீ வச்சு, வேலை பார்த்துக்கிட்டிருந்த 3 பேர் செத்துப்போனாங்க. முந்தின நாள் வரைக்கும் தி.மு.க.வைப் பத்தி ஒரு சுடுசொல் வராத சன் டிவியில அன்னைக்குப் பூரா அதுதான் ஓடுச்சு. எரியிற கட்டிடத்தைக் காட்டுறாங்க, யார் ஆளுங்கன்னும் சொல்றாங்க. என் பக்கத்துல டீக்கடை அண்ணன், ஆயுசு பூரா உதயசூரியன்தான். டிவியையே பார்த்துக்கிட்டு நின்னவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏப்பா, இவ்வளவு நாள் இவங்களுக்கு இதெல்லாம் தெரியாமலா இருந்துச்சு?"ன்னு கேட்டார். என்னால பதில் சொல்ல முடியல. செப்டம்பர் 15 கலைஞர் டிவி வந்துருச்சு. அடுத்த வருஷக் கடைசியில கலைஞர் குடும்பமும் மாறன் குடும்பமும் ஒண்ணு சேர்ந்துச்சு, பழைய குரல் திரும்ப வந்துச்சு.

அந்தச் சண்டையிலதான் அரசு கேபிளும் பிறந்துச்சு. சமாதானம் ஆனதும் அது படுத்துருச்சு. 2011ல ஆட்சி மாறினதும் அம்மா அதை எழுப்பி மாசம் 70 ரூபாய்க்குக் கொடுத்தாங்க. 2006ல ஜெயிச்சு வந்த ஆட்சி இலவசமா கலர் டிவியைக் கொடுத்துச்சு, அடுத்த ஆட்சி அந்த டிவிக்குப் போற கம்பியைக் கையில எடுத்துக்கிச்சு. நடுநிலை, நடுநிலைன்னு பேசுறவங்க இந்தக் கம்பியைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேங்கிறாங்க.

பழைய ஆன்டெனா

இதுக்கெல்லாம் முன்னாடி தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலம்தான் நிம்மதி. வாசிக்கிறவங்க முகத்துல ஒரு சலனம் இருக்காது. மாமல்லபுரத்துல மாநாடு, மேட்டூர்ல நீர்மட்டம், முடிஞ்சது. எங்கப்பா சாப்பிட்டுக்கிட்டே கேட்பார். இப்ப டிவி போட்டா சோறு இறங்கல. யாரும் யாரையும் கத்தவிடாத ஒரு செய்தி வேணும், அவ்வளவுதான் என் அனுபவம்.

வெள்ளவத்தை

ஆன்டெனா ஐயா, கோவிக்க வேண்டாம். சலனமில்லாத முகத்தைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கு.

2009 தொடக்கத்தில நாங்கள் கொழும்பில. அண்ணை குடும்பம் வன்னிக்குள்ள, புதுமாத்தளன் பக்கம் எண்டு கடைசியாக் கேள்விப்பட்டது. ஒவ்வொரு நாளும் இலங்கை அரசாங்கத்தின்ர ரூபவாஹினி தமிழ்ச் செய்தி. அழகாச் சேலை கட்டின பிள்ளை, அமைதியான குரல், போரை "மனிதாபிமான நடவடிக்கை" எண்டு வாசிக்கும். சனம் மீட்கப்படுது எண்டு வாசிக்கும். கத்தலும் இல்லை, சண்டையும் இல்லை. அந்த அமைதியைக் கேட்டு அம்மா தலையிலை அடிச்சு அழுவா.

சரி, தமிழ்நாட்டுச் சானலாவது உண்மை சொல்லும் எண்டு அதைப் போடுவம். ஏப்ரல் 27, கலைஞர் அண்ணா நினைவிடத்தில உண்ணாவிரதம் இருந்த நாள். மத்தியானம் பெரிய எழுத்தில "போர் நிறுத்தம்" எண்டு போட்டினம். அவர் எழும்பிப் போனதும் காட்டினவை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டா, சித்திக்கு போன் எடுத்து "நிப்பாட்டிட்டினமாம்" எண்டு சொன்னா. உண்மையில இலங்கை அரசு அண்டைக்குச் சொன்னது கனரக ஆயுதமும் விமானத் தாக்குதலும் பாவிக்க மாட்டம் எண்டதுதான். சண்டை மே 18 வரைக்கும் நடந்தது. தமிழ்நாட்டில வாக்களிப்பு மே 13.

ஒரு பக்கம் அரசாங்கத்தின்ர செய்தி. மற்றப் பக்கம் தேர்தல் செய்தி. ரெண்டுக்கும் நடுவில எங்கட வீட்டுக்கு வேண்டின செய்தி ஒரு திரையிலும் இல்லை. அம்மா அந்த போன் எடுத்ததை நினைச்சால் இண்டைக்கும் எனக்கு நெஞ்சு பதறும். யார் அந்த எழுத்தை அடிச்சது, அடிக்கச் சொன்னது யார் எண்டு கேட்க வேணும் போல இருக்கும்.

பொருளாதாரம் வாத்தியார்

வெள்ளவத்தை அம்மா, படிச்சிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆன்டெனா சாருக்கு ஒரு வரி. சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கினதே 1975 ஆகஸ்ட் 15, நெருக்கடி நிலை அறிவிச்சு ரெண்டு மாசம் கூட ஆகல. யாரும் கத்தாததுக்குக் காரணம், எதிர்த்துப் பேசுறவங்களை உள்ளே விடாததுதான்.

என் அனுபவம் விவாத நிகழ்ச்சி பத்தினது. 2021 ஆகஸ்டு, தமிழக அரசு நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வந்த நேரம். கடன் 5.7 லட்சம் கோடி, ஒவ்வொரு குடும்பத்தின் தலைமேலும் 2 லட்சத்து 63 ஆயிரத்துச் சொச்சம்னு ஊரெல்லாம் பேச்சு. ஒரு சானலில் விருந்தினர்களை அழைக்கிற தம்பி சாயங்காலம் கூப்பிட்டார். "சார், அறிக்கை சரியா, தப்பா?" நான் சொன்னேன்: பத்து வருஷத்தில் கடன் ஏறியது உண்மை, வரி வருவாய் சரிந்ததும் உண்மை, அதை மறைக்கக் கூடாது. ஆனால் குடும்பக் கணக்காப் பிரிச்சுச் சொல்றது பயமுறுத்தத்தான் உதவும். அரசு வாங்கின கடன் எதில் போட்டாங்க, வட்டிக்கு எவ்வளவு போகுதுன்னுதான் பார்க்கணும்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "சார், நீங்க ஆதரவா எதிர்ப்பா? அதைச் சொன்னாதான் உங்களை எந்தப் பெட்டியில போடுறதுன்னு தெரியும்." நான் மறுபடி விளக்கினேன். "திரும்பக் கூப்பிடுறேன் சார்." கூப்பிடவில்லை.

இரவு போட்டுப் பார்த்தேன். ஆளுங்கட்சி ஒருவர், எதிர்க்கட்சி ஒருவர், தேசியக் கட்சி ஒருவர், நாலாவது பெட்டியில் "அரசியல் விமர்சகர்". அந்த விமர்சகரை நான் எங்கள் ஊர் மேடையில் கட்சித் துண்டோடு பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் வட்டி என்ற சொல்லே வரவில்லை. நெல்லைத் தம்பி வெட்டினதைச் சொல்கிறார். எனக்கு அதைவிட மோசமாகப் படுவது இதுதான். இங்கே வெட்டவே தேவையில்லை, ஆள் சேர்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குக் கொடுத்த தாளில் என் பதிலுக்குக் கட்டம் இல்லை.

சேலம் வாசகர்

எனக்கு நடந்தது சின்ன விஷயம். 2016 நவம்பர், 500, 1000 ரூபாய் செல்லாதுன்னு அறிவிச்ச சமயம். பேங்க் வரிசையில் என் முன்னால மைக்கை நீட்டின பையன், "சார், நல்ல திட்டம்னு ஆரம்பிச்சிட்டு அப்புறம் கஷ்டத்தைச் சொல்லுங்க"ன்னான். நான் கஷ்டத்தில் ஆரம்பிச்சேன், மைக் அடுத்த ஆளுக்குப் போயிடுச்சு.

அதை விடுங்க. எல்லாரும் புலம்பிட்டே இருக்கீங்க, செய்ய வேண்டியதைச் சொல்றேன். முதல்ல, எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, எத்தனை மணின்னு உடனே குறிச்சு வைங்க. யூடியூபில் இருக்கேன்னு விடாதீங்க, தூக்கிடுவாங்க. செல்போனில் திரையையே படம் எடுத்து வைங்க. அடுத்து சானலுக்கே எழுத்தில் புகார். 2021ல் கேபிள் டிவி விதிகளைத் திருத்தினாங்க. அதுப்படி ஒவ்வொரு சானலும் குறைதீர் அலுவலர் வச்சிருக்கணும், 15 நாளில் முடிவு சொல்லணும். சொல்லாவிட்டால் அவங்க சேர்ந்திருக்கிற சுய ஒழுங்குமுறை அமைப்புக்கு மேல்முறையீடு. அதுக்கும் மேல ஒன்றிய அரசின் குழு. செய்தி ஒளிபரப்பாளர் சங்கத்தில் உறுப்பினரா இருக்கிற சானல்னா, முன்னாள் நீதிபதி தலைமையில் அவங்களுக்கே ஓர் ஆணையம் இருக்கு. வருத்தம் தெரிவிக்க உத்தரவு போட்டிருக்காங்க, அபராதமும் விதிச்சிருக்காங்க.

புகாரில் "நீங்க அந்தக் கட்சி"ன்னு எழுதாதீங்க, குப்பைக்குப் போயிடும். "இந்த நிமிஷத்தில் இவர் பேச்சின் பாதி நீக்கப்பட்டதால் பொருள் மாறிவிட்டது"ன்னு எழுதுங்க. நெல்லைத் தம்பி, உங்க பெரியம்மா விஷயத்தில் ரெண்டு சானல் பதிவையும் பக்கத்தில் வச்சு அனுப்பியிருந்தா பதில் சொல்லியே ஆகணும். வீட்டில் பிள்ளைங்களுக்கும் பழக்குங்க: ஒரே நாள், ஒரே சம்பவம், ரெண்டு சானல், முதல் செய்தி எது, எத்தனாவது நிமிஷத்தில் வந்தது, யாரைப் பேசவிட்டாங்கன்னு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்க. ஒரு வாரத்தில் அவங்களே சொல்வாங்க யார் என்னன்னு.

முன்னாள் டெஸ்க்

சேலம் சார், உங்க வழி தப்பில்லை. ஆனா நான் உள்ளே இருந்தவ, புகார் எந்த மேஜையில போய் நிக்கும்னு தெரியும். பெரும்பாலான நாள்ல யாரும் போன் பண்ணி இதைப் போடு, அதைப் போடாதேன்னு சொல்றதில்லை. அதுக்கு அவசியமே வராது.

ஒரு தேர்தல் நேரம், ஒரு பெரிய கட்சியோட பொதுக்கூட்டம். இப்பல்லாம் கட்சியே கேமரா வச்சு, கிரேன் போட்டு, நேரலைக் காட்சியை எல்லா சானலுக்கும் இலவசமா அனுப்புறாங்க. எங்களுக்கு வண்டிச் செலவு மிச்சம், ஆள் செலவு மிச்சம். அன்னைக்கு அந்த ஃபீட் ஒரு மானிட்டர்ல. மேலே இருந்து எடுத்த கூட்டம், தலைவர் முகம், மறுபடி கூட்டம். அதே நேரம் எங்க மாவட்டச் செய்தியாளர் வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ அனுப்பினார். பந்தலோட பின்பாதி. வெயில்ல வரிசை வரிசையா காலி நாற்காலி, ஒரு அம்மா மயங்கிக் கிடக்காங்க, பக்கத்துல ரெண்டு பேர் தண்ணி தெளிக்கிறாங்க. நான் போனை மானிட்டர் பக்கத்துல பிடிச்சு அவுட்புட் எடிட்டர்கிட்ட காட்டினேன். ரெண்டையும் பார்த்தார். "ஃபீட் கிளீனா இருக்கு, அதையே ஓட்டு" அப்படின்னார். கோபமா சொல்லல, பயந்தும் சொல்லல.

அந்தச் செய்தியாளர் ராத்திரி எனக்கு போன் பண்ணினார். "மேடம், வீடியோ கிடைச்சுதா, சரியா வரலையோ"ன்னு கேட்டார். அவருக்கு ஒரு செய்திக்கு இவ்வளவுன்னு காசு. ஒளிபரப்பானாதான் அந்தக் காசு. 2016 ஏப்ரல்ல விருத்தாசலம் கூட்டத்துல வெயில் தாங்காம உயிரே போச்சு, அது மறைக்க முடியாத செய்தி. உயிர் போகாத கூட்டமெல்லாம் கிரேன் ஷாட்டோட முடிஞ்சுபோகுது. இதுக்கு எந்த விதியில புகார் எழுதுவீங்க சார்? காட்டினது அத்தனையும் உண்மைக் காட்சி.

மதுரை கேபிள்காரர்

டெஸ்க் அம்மா சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும், சேலம் சார் கவனிக்கணும். 2018 ஜூன்ல கோயம்புத்தூர்ல புதிய தலைமுறை வட்டமேசை விவாதம் நடத்தினாங்க. அங்க மேடையில பேசினவங்க மேல மட்டும் இல்ல, நிகழ்ச்சி நடத்தின சானல் மேலயும் போலீஸ் வழக்கு போட்டுச்சு. அந்த நேரத்துலதான் அரசு கேபிள்ல வர்ற எங்க லைன்ல அந்தச் சானலோட நம்பர் எங்கேயோ பின்னாடி போயிருச்சு. முன்வரிசையில தமிழ் நியூஸ் எல்லாம் வரிசையா இருக்கும், அதுல இருந்து எடுத்து யாரும் தேடாத இடத்துல வச்சாச்சு. சானல் ஓடுது, தடை எதுவும் இல்ல. வயசானவங்களுக்கு மூணு இலக்க நம்பர் அடிச்சுத் தேடத் தெரியுமா? சானலை மூடிட்டாங்கன்னே பாதிப் பேர் நினைச்சுட்டாங்க. என் தெருவுல கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போய், ரிமோட்டை வாங்கி, நம்பரை அடிச்சுக் காட்டி, காலண்டர் ஓரத்துல எழுதிக் கொடுத்துட்டு வந்தேன்.