கரிசல் மண்ணில் கோலப் பாதை, யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். நானும் என் தோழியும் சேர்ந்து தோட்டம் வடிவமைத்துக் கொடுக்கிற வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அவள் ஓவியம் படித்தவள், நான் தாவரவியல், இரண்டு பேருக்கும் பொதுவான பைத்தியம் 1970களில் ஆஸ்திரேலியாவில் பில் மொலிசனும் டேவிட் ஹோம்கிரெனும் உருவாக்கிய பெர்மாகல்ச்சர், அதாவது இயற்கை இயங்குகிற மாதிரியே தோட்டத்தை அமைக்கிற முறை.

முதல் வேலை கோவில்பட்டி பக்கம் 20 சென்ட். சிக்குக் கோலம் மாதிரி வளைந்து போகும் பாதை, இடையில் முருங்கை, குளியலறைத் தண்ணீர் கல்வாழை வழியாக வடிந்து வாழை வட்டத்துக்கு (நடுவில் குழி, சுற்றிலும் வாழை) போகும். படத்தை வீட்டுக்காரர் சட்டம் போட்டு மாட்டிவிட்டார், தோட்டம்தான் இன்னும் வரவில்லை.

மண்தான் பிரச்சினை. கரிசல் நனைந்தால் உப்புகிறது, காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கிறது, போன ஐப்பசி மழைக்கு முன் சிமெண்ட் பூசிக் கட்டிய செங்கல் ஓரமெல்லாம் சித்திரையில் பிளந்துவிட்டது. மூன்றடி வாழைக் குழியில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, கொசு வேறு. பூச்சில்லாமல் கல் அடுக்கினால் தாங்குமா, வெட்டிவேர் ஓரமே போதுமா? குழியைத் தூர்த்து மேட்டுப்பாத்தி ஆக்கிவிடலாமா? கரிசலில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், செம்மண் அனுபவம் இங்கே உதவாது.

அப்புறம் இன்னொன்று. நாங்கள் ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை. 1932 கூட்டாண்மைச் சட்டப்படி அப்படியென்றால் லாபம் நஷ்டம் எல்லாம் சரிபாதி. ஆனால் அவள் இரண்டு வாரம் உட்கார்ந்து வரைகிறாள், என் செடிப் பட்டியல் இரண்டு நாள் வேலை, சரிபாதி வாங்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. இப்படிக் கூட்டாக வேலை செய்பவர்கள் எப்படிப் பிரித்துக்கொள்கிறீர்கள்? ஐப்பசிக்குள் கல் இறக்க வேண்டும், கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.