பூங்காவுக்குப் போகும் பேருந்தில் பிள்ளைகளுடன்

கேள்வி (சுங்கை சிப்புட், மலேசியா): பள்ளி விடுமுறையில் எங்கள் தோட்டத்துக் குடும்பங்கள் சில சன்வே லகூன் நீர்விளையாட்டுப் பூங்காவுக்குச் செல்லவிருக்கின்றன. செத்தியா ஜெயா கொமுட்டர் ரயில் நிலையத்தில் இறங்கி, 2015இல் தொடங்கிய பிஆர்டி (தனிப்பாதையில் ஓடும் விரைவுப் பேருந்துச் சேவை) மின்பேருந்தில் ஏறும்போது தள்ளுவண்டியையும் சிறுபிள்ளைகளையும் எப்படிச் சமாளிப்பது?

மறுமொழி: அண்ணே, வரிசையில் நிற்கும்போதே தள்ளுவண்டியை மடித்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளுங்கள், வாசலில் நின்று மடித்தால் பின்னால் நிற்பவர்கள் அனைவரும் காத்திருக்க நேரும். பெரியவர் ஒருவர் முதலிலும் மற்றொருவர் கடைசியிலும் ஏறினால் எந்தப் பிள்ளையும் நடைமேடையில் விடுபடாது.

மறுமொழி: திரும்பும்போது ஈர உடையோடு ஏறுவது எனக்குச் சற்றும் பிடிக்காத வழக்கம், இருக்கை நனைவதோடு தரையும் வழுக்கும். பேருந்து திடீரென நின்றால் நிற்கும் பிள்ளைதான் முதலில் விழும், ஆகவே இடமிருந்தால் உட்கார வையுங்கள், இல்லையேல் கம்பியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி: முதுகுப்பையையும் கழற்றிக் காலடியில் வையுங்கள், அக்கம்பக்கத்தார் முகத்தில் இடிக்கும்.