முதல் மழை மண், பனாட்டு, பழைய புத்தகம்: முதியோருக்கு ஒரு மணப்பெட்டி செய்யிறது எப்படி?

செம்பாட்டுத்தறை:
யாழ்ப்பாணத்து வலிகாமத்தில ஒரு முதியோர் இல்லத்துக்கு மணப்பெட்டி ஒண்டு செய்யிற யோசினை. மல்லிகை, சந்தனம், ஊதுபத்தி வேண்டாம். வாசனை எண்டு ஒருத்தரும் கணக்கில எடுக்காத, ஆனா மூக்கில பட்டவுடன ஆள் நிமிருற மணங்கள் தான் வேணும்: முதல் மழைக்குச் செம்பாட்டு மண், பனாட்டு (காய வச்ச பனம்பழக் களி), புகையிலைக் குடில், பழைய புத்தகம், மண்ணெண்ணெய் விளக்கு. மறதி நோய் தொடங்கின ஆக்களும் அங்க இருக்கினம். எதை எப்படி அடைச்சு வைக்கலாம், எது பழுதாகும், எதைத் தவிர்க்க வேணும்?

கிணத்தடி:
மண்ணில இருந்து தொடங்குங்கோ. அந்த மணத்தின்ர பெரும் பங்கு ஜியோஸ்மின். மண்ணில இருக்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கிறது. லட்சம் கோடியில அஞ்சு பங்கு இருந்தாலே மனுச மூக்கு பிடிச்சிடும், அதால கொஞ்ச மண் காணும்.

மாரி தொடங்க முன்னம், புரட்டாதிக்குள்ள எடுங்கோ. மேல் மண் ஒரு அங்குலத்துக்குள்ள. மருந்தடிச்ச பாத்தி வேண்டாம், வேலியோரம் நல்லது. கல்லு, வேரை அரிச்செடுத்து நிழலில காய விடுங்கோ. கிருமி போகட்டும் எண்டு சட்டியில வறுக்கிற ஆக்கள் இருக்கினம். சூட்டோட மணமும் போயிடும். அகல வாய்க் கண்ணாடிப் போத்தலில மூண்டில ஒரு பங்குக்கு மண் போடுங்கோ. பாவிக்கேக்க ஸ்ப்ரே போத்தலால மூண்டு நாலு தரம் விசிறி, உடன மூடி, அஞ்சு நிமிஷத்தால திறவுங்கோ.

தண்ணியை ஊத்தினால் சேத்து மணம் தான் வரும். துளி காய்ஞ்ச மண்ணில விழேக்க காத்துக் குமிழிகள் அடியில அகப்பட்டு, மேல வந்து வெடிச்சு மணத்தைத் தூக்கி எறியுது. 2015இல அமெரிக்காவின்ர எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் இதை அதிவேகக் கமராவில பிடிச்சுக் காட்டினவை. தூறலுக்கு அது கூட, அடைமழைக்குக் குறைவு.

வட இந்தியாவில கன்னோஜில சுட்ட களிமண்ணை வடிச்சுச் சந்தன எண்ணெயில ஏத்தி மிட்டி அத்தர் செய்யினம். அருமையான சாமான். ஆனா செம்பாட்டு மணம் அதில இல்லை, எங்கட ஆக்களுக்கு அதைக் குடுத்துப் பிரயோசனம் குறைவு.

பனங்கூடல்:
பனாட்டைப் போத்தலில அடைக்காதேங்கோ, ஈரம் நிண்டு பூஞ்சணம் கட்டும். ஓலைப்பெட்டி தான் சரி, ஓலையும் சேர்ந்து மணக்கும். குடுக்க முன்னம் விரலளவு துண்டை உள்ளங்கையில பொத்திச் சூடாக்குங்கோ, அப்ப தான் பழ மணம் எழும்பும். பாணிப்பனாட்டு வேண்டாம், பாணி மணம் முன்னுக்கு நிக்கும். ஆடி ஆவணியில பழம் விழுகிற நேரமெண்டால் நெருப்பில சுட்ட பனம்பழம் ஒண்டே போதும், வேற ஒண்டும் தேவையில்லை. ஒண்டு கவனம்: கையில கிடைச்சால் வாயில போடப் பார்ப்பினம். சீனி வருத்தக்காரரை முதலே கேட்டு வையுங்கோ.

ஒடியல்மா (காய்ஞ்ச பனங்கிழங்கு மா) காய்ஞ்சபடி மணக்காது. ஒரு மேசைக்கரண்டி மாவை அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணியில கரையுங்கோ.

புகையிலையில ரெண்டு மணம் இருக்கு, ஒண்டு இலை, மற்றது பொச்சுமட்டை (தேங்காய் மட்டை)ப் புகை. குடிலுக்குள்ள பொச்சுமட்டை மூட்டிப் பதம் போட்ட இலை தான் வேணும், கடைச் சிகரெட்டில அந்தப் புகை மணம் வராது. பாதி இலையைத் துணியில முடிஞ்சு, மூடியில துளை போட்ட போத்தலில வையுங்கோ. ஈர இலையை வெறுங்கையால பிடிக்க விடாதேங்கோ. நிக்கோட்டின் தோலால ஏறித் தலை சுத்தும், சத்தி வரும்.

ஆறுதல்:
மண்ணெண்ணெயை நான் பட்டியலில இருந்து எடுத்துவிடுவன். மற்றப் புலன்கள் மாதிரி மணம் மூளையில தலாமஸ் எண்ட இடைத்தரிப்பில நிண்டு போறதில்லை. மோப்பக் குமிழில இருந்து உணர்ச்சியையும் நினைவையும் பார்க்கிற அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பக்கம் கிட்டத்தட்ட நேராப் போகுது. அதால என்ன மணம் எண்டு பேர் சொல்ல முன்னமே கண் கலங்கும். மணத்தால எழும்புற நினைவுகள் கூடுதலாப் பத்து வயசுக்கு முந்தினவை தான், ஆனா மண்ணெண்ணெய் எங்கட சனத்தை அங்க மட்டும் கூட்டிக்கொண்டு போகாது. 90களின்ர பொருளாதாரத் தடை, ஜாம் போத்தல் விளக்கு, மண்ணெண்ணெயில ஓடின மோட்டார் சைக்கிள், 1995 ஒக்டோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வு எல்லாம் அதுக்குள்ள கிடக்கு. எரிஞ்ச கடதாசி, சீனவெடி, டெற்றோலும் அப்படித் தான். ஒவ்வொருத்தருக்கும் எது கூடாது எண்டு பிள்ளைகளிட்டயோ பராமரிக்கிற ஆக்களிட்டயோ முதலே கேளுங்கோ. கட்டாயம் வேணுமெண்டால் பஞ்சில ரெண்டு துளி, யன்னல் திறந்து, ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கோ. இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவைக்கு வேண்டவே வேண்டாம்.

ஒரு தடவைக்கு நாலு மணத்துக்கு மேல போகாதேங்கோ. பேரைச் சொல்லிக் குடுக்காதேங்கோ, சொன்னால் அவை அந்தச் சொல்லைத் தான் பிடிச்சுக்கொள்ளுவினம். இடையில கோப்பிக்கொட்டை மணக்கக் குடுக்கிற வழக்கம் தேவையில்லை, வெறும் காத்தே அந்த வேலையைச் செய்யும். "ஒண்டும் தெரியேல்லை" எண்டு சொன்னால் மறதி எண்டு எழுதாதேங்கோ. 80 கடந்த கனபேருக்கு மூக்கே மங்கியிருக்கும். முகம் சுழிச்சால், கை நடுங்கினால் உடன மூடி வெளிக்காத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.

அச்சுக்கூடம்:
புத்தகத்துக்கு மினுங்கல் தாள் சரிவராது. மலிவான மரக்கூழ்த் தாள் தான் மணக்கும்: அதில இருக்கிற லிக்னின் உடைஞ்சு வனிலின் மாதிரிப் பொருள்கள் வெளிவரும், பழுக்கிறதும் அதால தான். விளிம்பு பழுத்த பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தகரப்பெட்டியில ஒரு கிழமை மூடி வச்சுத் திறவுங்கோ. புழுங்கல் நெடி வந்தால் அது பூஞ்சணம், அந்தப் பிரதியை விட்டிட்டு வேற எடுங்கோ.

செம்பாட்டுத்தறை:
எல்லாருக்கும் நன்றி. ஆறுதல் அக்கா சொன்ன மாதிரி மண்ணெண்ணெயை விட்டிட்டன். நனைச்ச மண்ணைத் திரும்பப் பாவிக்கலாமோ? பழைய ஊறுகாய்ப் போத்தல் எண்டால் பரவாயில்லையோ?

கிணத்தடி:
திரும்பப் பாவிக்கலாம். அண்டைக்கே பேப்பரில பரப்பி நிழலில காய விடுங்கோ. ஈரத்தோட மூடி வச்சால் காத்தில்லாமல் ரெண்டு நாளில சாக்கடை மணம் வரும், அதுக்குப் பிறகு அந்த மண் உதவாது. ஊறுகாய்ப் போத்தல் வேண்டாம். புளி, வினாகிரி பட்டால் ஜியோஸ்மின் மணமில்லாத வேற பொருளா மாறிடும். அதோட மூடியின்ர றப்பரில ஊறின நெடி சவுக்காரத்துக்கும் போகாது. ஜாம் போத்தலைக் கழுவி, வெயிலில காய வச்சு, புது மூடி போடுங்கோ.