வீட்லயே விஆர் ஹெட்செட் செஞ்சேன், படம் ரெண்டா தெரியுது

அட்டைப்பெட்டி வெட்டி கூகுள் கார்ட்போர்டு (போன உள்ள வெச்சு பாக்குற அட்டை விஆர் ஹெட்செட்) மாதிரி செஞ்சு பழைய போன உள்ள வெச்சேன், எல்லாம் ரெண்டா தெரியுது, தலைய திருப்புனா படம் நகரவே மாட்டேங்குது, லென்ஸ் தப்பா ப்ரோ?

பதில்: நகரலன்னா அது லென்ஸ் பிரச்சனை இல்லங்க. போன்ல கைரோஸ்கோப் (போன் திரும்புறத கண்டுபிடிக்கிற சென்சார்) இருக்கான்னு பாருங்க, கம்மி விலை போன் நெறயத்துல வெறும் ஆக்சிலரோமீட்டர்தான் (அசைவு, சாய்வு மட்டும் பாக்குற சென்சார்) இருக்கும்.

பதில்: 2014ல வந்த முதல் கார்ட்போர்டுல 25 மிமீ அகலம், 45 மிமீ ஃபோகல் லென்த் (லென்ஸ்ல இருந்து ஒளி குவியுற தூரம்), ரெண்டு பக்கமும் குவிஞ்ச லென்ஸ். அதே வாங்கி ஸ்க்ரீன கிட்டத்தட்ட அந்த தூரத்துலயே வெச்சு முன்ன பின்ன தள்ளி பாருங்க தம்பி. ரெண்டா தெரியாம இருக்க லென்ஸ் நடுவுக்கு நடு 63 மிமீ பக்கம் வரணும், உங்க கண்ணு இடைவெளிய ஸ்கேல் வெச்சு அளந்துக்கோங்க. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல தடுப்பு அட்டை வெச்சீங்களா? நான் அத மறந்துட்டு நாள் பூரா தலைவலியோட சுத்துனேன்.

கேட்டவர்: அய்யோ தடுப்பு வெக்கவே இல்லண்ணா. போன்லயும் கைரோ இல்ல, தங்கச்சி போன சுடணும்.