சிறுதுளை நீர்க் கணக்கு: உதவுங்கள்

வணக்கம். காரைக்குடி அருகே செம்மண் நிலத்தில் கொய்யாக் கன்றுகள் வைத்திருக்கிறேன். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் பிளாஸ்டிக் குழாயில் 1 மில்லிமீட்டர் துளைகளிட்டு நீர் பாய்ச்சுகிறேன். துளையின் பரப்பு, நீரின் வேகம், 0.6 என்ற வெளியேற்றக் கெழு (கணக்குப்படி துளைவழி வரவேண்டிய நீரில் உண்மையில் வெளியேறும் பங்கு) ஆகிய மூன்றையும் பெருக்கினால், 3 மீட்டர் நீர்மட்ட உயரத்துக்கு மணிக்குச் சுமார் 13 லிட்டர் வருகிறது. அழுத்தம் நான்கு மடங்கானால் நீர் இரண்டு மடங்குதான் ஆகும் என்பதும் புரிகிறது.

ஆனால் துளைக்கு அடியில் செம்பை வைத்துப் பிடித்தால், கணக்கைவிடக் கூடுதலாகவே நிரம்புகிறது. 0.6 மெல்லிய தகட்டில் இட்ட கூர்விளிம்புத் துளைக்கு உரியது. என் குழாயின் சுவரோ 2.5 மில்லிமீட்டர் தடிமன். இதற்கு 0.8 வரை எடுக்கலாமா? கடைசி வரிசையில் அழுத்தம் குறையும்போது கெழுவும் மாறுமா?

செட்டிநாட்டுக் கோடையில் கிணற்று நீரை அளந்துதான் விடவேண்டும். நீரியல் படித்தவர்களும் சொட்டுநீர் அமைத்துப் பழகியவர்களும் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.