கேமரா உறுதியாகப் படிக்காத எண்ணைச் செயலி சொல்லலாமா?

வெண்கோல்:
பார்வையற்றோருக்கான பட வருணனைச் செயலிகள், படம் தெளிவாக இல்லாதபோது மருந்து, அளவீடு போன்றவற்றில் வாய் திறக்கவே கூடாது என்றும், "பார்வையுள்ள ஒருவரிடம் கேளுங்கள்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் ஒரு கருத்து வலுத்துவருகிறது. நான் பிறவியிலேயே பார்வையற்றவன், இதை ஏற்கவில்லை. பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்தால் நான் ஏன் செயலியைத் திறக்கப் போகிறேன்? ஊகமாக இருந்தாலும் சொல்லட்டும். மாத்திரை அட்டையைத் திருப்பி இன்னொரு படம் எடுத்து, எனக்கு ஏற்கெனவே தெரிந்ததோடு ஒப்பிட்டு, நம்புவதா வேண்டாமா என்பதை நானே முடிவு செய்துகொள்வேன். மங்கிய எழுத்தைக் கண்ணைச் சுருக்கிப் படிப்பவரை யாரும் தடுப்பதில்லையே.

நிரலோட்டம்:
கண்ணைச் சுருக்கிப் படிப்பவருக்கு எழுத்து மங்கியிருப்பது தெரியும். உங்கள் காதுக்கு வருவதோ பிசிறில்லாத ஒரு வாக்கியம் மட்டுமே. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. சர்க்கரை அளக்கும் கருவியின் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு எண்ணும் ஏழு கோடுகளால் ஆனது. விளக்கொளி தெறித்து நடுக்கோடு ஒன்று மறைந்தால் 8 என்பது 0 ஆகிவிடும். 186 என்ற அளவு 106 என்று வாசிக்கப்படும். இரண்டுமே நம்பத்தக்க எண்கள் என்பதால் கேட்பவருக்கு ஐயம் எழ வழியில்லை. பழைய எழுத்துணரி மென்பொருள்கள் தடுமாறினால் பொருளற்ற எழுத்துக் குவியலைக் கொட்டும். பிழை நடந்திருப்பதைக் காதே கண்டுபிடித்துவிடும். இன்றைய செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகள் பிழையையும் திருத்தமான நடையில் சொல்கின்றன. சமூக வலைத்தளப் படங்களுக்குக் கணினி எழுதிய விவரிப்புகளைப் பற்றி 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பார்வையற்ற பங்கேற்பாளர்கள் பொருந்தாத விவரிப்பையும் நம்பி, முரண்பாட்டைத் தீர்க்கத் தாங்களே விவரங்களை இட்டு நிரப்பிக்கொண்டது தெரியவந்தது. பார்வையற்றோரே படமெடுத்துக் கேட்ட 31,000-க்கும் மேற்பட்ட கேள்விகளைக் கொண்டு 2018-இல் வெளியான விஸ்விஸ் தரவுத்தொகுப்பிலும், படத்தை வைத்து விடை சொல்லவே இயலாத கேள்விகள் கணிசமாக உள்ளன. ஆகவே உடல்நலம் சார்ந்த எண்களில் மௌனமே பாதுகாப்பானது என்பது என் நிலைப்பாடு.

வெண்கோல்:
நீங்கள் சொன்ன அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்லியிருக்கலாம். விவரிப்பு தவறாக இருக்கக்கூடிய வாய்ப்பை அழுத்திச் சொல்லும்படி வாசகத்தை மாற்றியபோது, கேட்டவர்கள் அதை ஐயத்தோடு அணுகினார்கள். அப்படியென்றால் மாற்ற வேண்டியது சொல்லும் முறையைத்தான். மேலும், எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக் கூடாது என்ற பட்டியலை யார் எழுதுவது? 2023-இல், பார்வையற்றோருக்கு உதவும் பீ மை ஐஸ் செயலியில் ஜிபிடி-4 என்ற மொழி மாதிரி சோதிக்கப்பட்டபோது, தனியுரிமையைக் காரணம் காட்டி மனித முகங்களின் வருணனை சில காலம் மறைக்கப்பட்டது. பார்வையுள்ள எவரும் நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஒன்றை எங்களுக்கு மட்டும் மறைப்பதைப் பாதுகாப்பு என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை.

முன்வாசல்:
நீங்கள் இருவரும் தவறான இடத்தில் நின்று வாதிடுகிறீர்கள். அந்தக் கருவிக்குள் 186 என்பது ஐயத்துக்கு இடமில்லாத எண்ணாக ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கோடுகளாக்கி, கோடுகளைப் படம் பிடித்து, படத்திலிருந்து ஊகித்து, ஊகத்தை ஒலியாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. வாய்விட்டு எண்ணைச் சொல்லும் சர்க்கரைக் கருவிகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2004-ஆம் ஆண்டு உத்தரவின் வழியாக மருந்துப் பெட்டியின் மேல் மருந்தின் பெயரைப் பிரெயிலில் பொறிப்பதைக் கட்டாயமாக்கியது. கேமரா திறமையாக ஆக ஆக, "செயலி படித்துக் கொள்ளுமே" என்று உற்பத்தியாளர்கள் கைகழுவுவதற்கு வழி பிறக்கிறது.

மாலைவெயில்:
ஐயா, நான் நீரிழிவால் நடுவயதுக்குப் பிறகு பார்வையை இழந்தவள். அதே நோயால் விரல் நுனிகள் மரத்துப்போனதால் பிரெயில் புள்ளிகள் எனக்குப் பிடிபடுவதில்லை. பெட்டியின் மேல் பெயரைப் பொறித்தாலும் காலாவதித் தேதிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தேதி மாத்திரை அட்டையின் ஓரத்தில், மையே இல்லாமல், பளபளக்கும் தகட்டின் மேல் வெறும் அழுத்தமாக இருக்கும். அந்த ஓரத்து மாத்திரையைக் கிழித்து எடுத்துவிட்டால் அதுவும் போயிற்று. சட்டம் வரும்வரை காத்திருங்கள் என்கிறீர்களா? 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம்கூடத் திறன்பேசி, பணம் எடுக்கும் இயந்திரம், மின்நூல் கருவி போன்றவற்றைத்தான் தொடுகிறது. சலவை இயந்திரமும் அடுப்பும் அதற்குள் வரவில்லை. வழுவழுப்பான கண்ணாடிப் பலகை கொண்ட இயந்திரம் ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால், பழுதாகும்வரை அதனோடுதான் வாழ்ந்தாக வேண்டும். இடைப்பட்ட காலத்தில் எனக்குக் கேமராதான் துணை.

முன்வாசல்:
கேமராவைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை, அம்மா. ஆராய்ச்சிப் பணமும் பாராட்டும் முழுக்க அந்தப் பக்கமே சாய்வதைத்தான் குறை சொல்கிறேன்.

நிரலோட்டம்:
முழு மௌனம் தேவையில்லை, எண் எண்ணாகப் பிரித்துச் சொல்லலாம் என்ற அளவுக்கு நான் இறங்கி வருகிறேன். ஒரே படத்தை நம்பாமல் தொடர்ச்சியாகப் பல சட்டகங்களை எடுத்து, அவை ஒத்துப்போகாத இடத்தில் "நடு எண் 8 அல்லது 0" என்று செயலி அறிவிக்கட்டும். ஆனால் எல்லாச் சட்டகங்களிலும் அதே ஒளித்தெறிப்பு இருந்தால் அவை ஒருமித்துத் தவறும். அப்போது ஒற்றுமையே பொய்ச் சான்றாகிவிடும். இன்சுலின் அளவை முடிவு செய்யும் எண்ணுக்கு இந்த முறையும் போதாது என்றே இன்னும் கருதுகிறேன்.

வெண்கோல்:
அப்படியானால் தெறிப்பு இருப்பதையே சொல்லட்டுமே. "படம் தெளிவாக இல்லை" என்ற வாசகத்தால் எனக்கு ஒரு பயனும் இல்லை, ஏனெனில் என்ன செய்தால் தெளியும் என்று எனக்குத் தெரியாது. "வலது மேல் மூலையில் ஒளி தெறிக்கிறது, கருவியைச் சற்று உங்கள் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள்" என்றால் கை தானாகச் சரிசெய்துகொள்ளும். வெளுத்துப்போன புள்ளிகளைக் கண்டறிவது உங்கள் துறைக்குப் பெரிய வேலை அல்ல. அதைச் செய்துவிட்டு, மிஞ்சும் ஐயத்தையும் என்னிடம் சொல்லுங்கள். இன்சுலின் விஷயத்திலும் நான் கேட்பது இவ்வளவுதான்.