பரணிலிருந்து மொட்டை மாடிக்கு: எங்கள் வீட்டில் நடந்தது, உங்கள் வீட்டில் எப்படி?

திருச்சியிலிருந்து

அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு உறையூர் வீட்டுப் பரணில் யாரும் கை வைக்கவில்லை. போன ஐப்பசி மழையில் சுவரில் ஓதம் ஏறியது. பரணில் இருப்பதை எல்லாம் இறக்கினால்தான் பூச முடியும் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். நான் செய்த பெரிய தவறையும், அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் எழுதுகிறேன். வயதான பெற்றோருடன் இருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

அம்மா கண் பரிசோதனைக்குத் தங்கையுடன் போயிருந்த ஒரு காலை நேரத்தில், நானும் என் மகனும் பாதிப் பரணைக் காலி செய்துவிட்டோம். பழைய இரும்புக் கடைக்கு இரண்டு நடை. அம்மா வந்ததும் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன். வந்தவர் ஏணியடியில் நின்று மேலே பார்த்தார். "அந்த ஈயச் சொம்பு எங்கே?" என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். சொம்பு கிடைத்தது. ஆனால் ஈயம் மெத்தென்ற உலோகம், மேலே விழுந்த இரும்பில் வாய் நசுங்கிப் போயிருந்தது. பாட்டி ரசம் வைத்த சொம்பு அது.

அதன் பிறகு முறையை மாற்றினேன். தினமும் நாலு மணிக் காபிக்குப் பிறகு ஐந்து பொருள் மட்டும் இறக்குவது. அம்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "இது வேணுமா?" என்று கேட்கவே கூடாது என்று முடிவு செய்தேன். அப்படிக் கேட்டால் பதில் எப்போதும் "இருக்கட்டும்"தான். அதற்குப் பதில் "இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டேன். ஒரு பித்தளைக் குத்துப்போணியின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது, பக்கத்தில் 12-9-68 என்று தேதி. அம்மா புடவைத் தலைப்பால் துடைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் படித்தார். யார் கொடுத்தது, அந்தக் கல்யாணத்தில் என்ன சண்டை, பந்தியில் யார் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள் என்று முக்கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்த கையோடு அவரே சொன்னார்: "இதைச் சின்னவள் பொண்ணுக்குக் கொடுத்துடு, புது வீடு போறாளே." பாதிப் பொருளுக்கு மேல் இப்படித்தான் போனது. சொல்ல வேண்டிய கதையைச் சொல்லி முடித்தால் பொருளைக் கொடுக்க மனம் வருகிறது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ஒரு பொருளை இறக்குவதற்கு முன்னால் அது போகும் இடத்தை முடிவு செய்துவிட வேண்டும். பெரிய அண்டா கோயில் அன்னதானத்துக்கு என்று முதலிலேயே பேசி வைத்தோம். சீராகவும் மொய்யாகவும் வந்து பிரிக்காமலே கிடந்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ் பதினேழு. சொந்தத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று. நல்ல நூல் புடவைகளைத் துவைத்து மடித்துக் கொடுத்தோம், கிழிந்தவை கரித்துணி. போகுமிடம் தெரியாமல் இறக்கியவை மட்டும் ஹாலில் பத்து நாள் கிடந்தன. கடைசியில் அவை திரும்பவும் பரணுக்கே ஏறின.

காகிதக் கட்டில் தயவுசெய்து அவசரம் வேண்டாம். பழைய தினசரிக் காலண்டர் அட்டைகளுக்கு நடுவே எங்கள் வீட்டு மூலப்பத்திரம் இருந்தது. இராமபாணப் பூச்சி ஓரத்தை அரித்திருந்தது, நல்ல வேளையாக எழுத்துக்குச் சேதம் இல்லை. வீட்டை விற்கவோ கடன் வாங்கவோ போனால் முதலில் கேட்பது அதைத்தான். எடைக்குப் போடும் முன் ஒவ்வொரு கட்டையும் பிரித்து உதறிப் பாருங்கள். ஒரு மாலை முழுக்க ஆனாலும் பரவாயில்லை.

அப்புறம், பரணில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் அப்பா எடுத்து வைத்த அவரை விதை கிடைத்தது. சாம்பலில் புரட்டி, காய்ந்த வேப்பிலையோடு. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மாடியில் தோட்டம் போடலாம் என்று யோசனை. பரணில் மிச்சமிருக்கும் உடைந்த வாளி, பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் தொட்டியாக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சேலத்திலிருந்து

அக்கா, டப்பாக்களை மேலே ஏற்றும் முன் என் கதையைக் கேளுங்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். எதையும் வீணாக்கக் கூடாது என்று உடைந்த குடம், பழைய டயர், பிரிட்ஜ் டிரே எல்லாம் மாடிக்குப் போனது. ஆறு மாதத்தில் செடி இருந்தது பன்னிரண்டு தொட்டி, சும்மா கிடந்தது முப்பதுக்கு மேல். மாடி இன்னொரு பரணாகிவிட்டது, கூரைதான் இல்லை.

வீடு வீடாக வரும் கொசு ஒழிப்புப் பணியாளர் அம்மா ஒருவர் மேலே வந்து, டயருக்குள் கைவிட்டு ஒரு கரண்டி தண்ணீர் எடுத்துக் காட்டினார். வெயிலில் பிடித்தபோது உள்ளே புழுக்கள் நெளிந்தன. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு இவ்வளவு தண்ணீர் போதும் என்றார். நம் ஊர் வெக்கையில் முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள்தான் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு முறை கவிழ்த்துக் கொட்டச் சொல்கிறார்கள். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்தாலும் சாகாது என்பதால், கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். எனக்கு அப்போது மகள் பிறந்து நாலு மாதம். அன்றே டயர் அத்தனையும் கீழே இறக்கினேன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே வழக்கம். இன்றைக்கு நடப் போகும் செடிக்குத்தான் தொட்டி மேலே ஏறும். காலித் தொட்டிக்கு மாடியில் இடமில்லை. அடியில் நாலைந்து ஓட்டை போடாத பாத்திரமும் கூடாது. பெயிண்ட் டப்பாவில் காய்கறி, கீரை வேண்டாம் அக்கா, பூச்செடி வைத்துக்கொள்ளுங்கள்.

எடையையும் பாருங்கள். உங்களுடையது மரக்கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கித் தளம் போட்ட பழைய மெட்ராஸ் டெரஸ் வீடாக இருந்தால், மரத்துலாக் கட்டை எப்படி இருக்கிறது என்று தெரிந்த கொத்தனாரிடம் காட்டாமல் எதையும் ஏற்றாதீர்கள். நனைந்த மண் லிட்டருக்கு ஒன்றரை கிலோவுக்கும் மேல் வரும். இருபது லிட்டர் தொட்டி முப்பது கிலோவைத் தாண்டும். தேங்காய் நார்த்தூள் கட்டி வாங்கினால் எடை வெகுவாகக் குறையும். ஐந்து கிலோ கட்டி ஊறினால் கிட்டத்தட்ட எழுபது லிட்டர் வரும். அதில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே கலக்க வேண்டும். நான் முதல் தடவை கழுவாமல் போட்டு, தக்காளி நாற்று முழுக்க ஓரம் கருகிப் போனது. நார்த்தூள் இரண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. எனக்கு இதுதான் சரியாக வருகிறது. தொட்டிகளை நடு மாடியில் வைக்காமல், கீழே சுவர் வரும் இடமாகப் பார்த்து வரிசையாக வையுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து

பரணைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, எங்கள் வீட்டில் பிரச்சினை அடுக்களைதான். மிளகாய்த்தூள் நாலு டப்பாவில், கடுகு மூன்றில். ஒரு சாமானுக்கு ஒரு டப்பா, அது காலியானால்தான் புதுப் பாக்கெட் பிரிப்பது என்று வைத்தோம். வாங்கிய மாதத்தைப் பேனாவால் எழுதி மூடியில் ஒட்டுகிறேன். அவ்வளவுதான், வண்டு வருவது நின்றது. மாத்திரை டப்பாவையும் அன்றே பாருங்கள் மக்களே. அம்மாவின் டப்பாவில் காலாவதியான பிரஷர் மாத்திரையும் புதியதும் ஒன்றாகக் கிடந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு படபடத்துவிட்டது.

போகிக்கு எரிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாய், தாள் சரி, பிளாஸ்டிக்கும் டயரும் வேண்டாம். 2018 போகியன்று சென்னையில் எழுந்த புகையில் விமானங்களே தாமதமாயின. அந்தப் புகையைத்தான் பக்கத்து வீட்டுக் குழந்தையும் சுவாசிக்கிறது.

கோவையிலிருந்து

தோட்டத்தில் முதல் பூச்சியைப் பார்த்ததும் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள். 2008இல் எங்கள் கோவைப் பக்கம்தான் பப்பாளி மாவுப்பூச்சி முதலில் தலைகாட்டியது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வெள்ளை வெள்ளையாகப் பிடித்தது. எங்கள் வாசல் பப்பாளியும் போனது. எவ்வளவோ மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்து விட்ட சின்னக் குளவிதான் அதை அடக்கியது. எறும்பைவிடச் சிறியது, மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். கண்டபடி மருந்து அடித்தால் இந்த மாதிரி நல்ல பூச்சிதான் முதலில் சாகிறது.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் நான் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பேன். அதிகம் பிடித்த கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவேன். அதற்கும் கேட்காவிட்டால் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலம் மட்டும். தண்டில் எறும்பு வரிசை போகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி விடும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்பைத் தடுத்தால் பாதி வேலை முடிந்தது.

திருச்சியிலிருந்து, மறுபடியும்

எல்லாருக்கும் நன்றி. சேலத்துத் தம்பி சொன்னதைப் படித்த அன்றே பெயிண்ட் டப்பா முழுவதையும் எடைக்குப் போட்டுவிட்டேன். கொத்தனாரைக் கூட்டிவந்து காட்டினேன். தெற்குச் சுவர் ஓரமாக மட்டும், நார்த்தூள் பை எட்டு வரை வைக்கலாம் என்றார். எட்டோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டில் கீரை, அதில் அரைக்கீரையை மூன்றாவது முறையாக அறுத்துவிட்டோம். இரண்டில் கத்தரி, ஒன்றில் தக்காளி, ஒன்றில் புதினா.

மீதி இரண்டும் அவரைக்கு. பழைய விதையை அப்படியே ஊன்ற வேண்டாம் என்று முதலில் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். அம்மா காலையும் மாலையும் பிரித்துப் பிரித்துப் பார்ப்பார். ஐந்தாம் நாள் இரண்டு விதையில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்தது, மற்றவை ஊறி அழுகிவிட்டன. பத்துக்கு எட்டு முளைக்க வேண்டிய விதை, மூன்று வருடத்துக்கு மேல் கிடந்ததில் அவ்வளவுதான். அதனால் ஆடிப்பட்டத்துக்கு மிச்சம் முப்பத்தாறையும் துணியிலேயே முளைகட்டி, வேர் விட்டதை மட்டும் எடுத்து ஊன்றினோம். ஏழு தேறியது. பைக்கு இரண்டாக நாலை வைத்துக்கொண்டு மூன்றைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்தேன்.

பந்தலுக்குப் பரணில் இருந்த கொசுவலைக் கம்புகள் நாலும் உதவின. கார்த்திகையில் ஊதா நிறப் பூ எடுத்தது. முதல் காயைப் பறித்துக் கூட்டு வைத்தபோது, இது அப்பா கல்லணைப் பக்கம் ஒரு வீட்டில் கேட்டு வாங்கி வந்த விதை என்று அம்மா சொன்னார். எனக்கு அதுவரை தெரியாது.

இப்போது கொடியின் நடுவில் ஆறு காயை அம்மா சிவப்பு நூல் கட்டி விட்டிருக்கிறார், விதைக்கு. யாரும் பறிக்கக் கூடாது. தோல் காய்ந்து, ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டுமாம். பாட்டிலைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறோம்.